டைட்டில் பாரை யார் வரைவது? லினக்ஸில் மூன்று வழிகள்

ஒரே நிரலை நான்கு லினக்ஸ் டெஸ்க்டாப்களில் திறந்து, விண்டோவின் மேலே பெயரும் பட்டன்களும் இருக்கும் பட்டையான டைட்டில் பாரைப் பாருங்கள். க்னோமின் இயல்பான அமைப்பில் மூடும் பட்டன் மட்டும் வலப்பக்கம் நிற்கும். கேடிஇ பிளாஸ்மாவில் சிறிதாக்கு, பெரிதாக்கு, மூடு என மூன்றும் வலப்பக்கம். எலிமென்டரியில் மூடும் பட்டன் இடக்கோடியில், பெரிதாக்குவது வலக்கோடியில். ஸ்வேயில் டைட்டில் பார் உண்டு, பட்டனே கிடையாது. உபுண்டுவோ 2010இல் 10.04 பதிப்பில் பட்டன்களை இடப்பக்கம் மாற்றி, 2017இல் 17.10 பதிப்பில் வலப்பக்கம் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, பட்டன் எங்கே இருக்கும் என்று நிரலர் முன்கூட்டி முடிவு செய்யவே கூடாது. அந்தப் பட்டையை வரைவது யார் என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

முதல் வழி, விண்டோக்களை நிர்வகிக்கும் நிரலான விண்டோ மேனேஜரிடமே விட்டுவிடுவது. லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11 காலத்திலிருந்து பழகிய முறை. எல்லா நிரல்களும் ஒரே தோற்றத்தில் இருக்கும், பயனர் வைத்த பட்டன் வரிசை தானாக வந்துவிடும். நிரல் உறைந்து போனாலும் டைட்டில் பாரைப் பிடித்து விண்டோவை நகர்த்தலாம். எனக்கு இதுதான் பெரிய காரணம். குறை ஒன்று: எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்டில், க்னோமின் விண்டோ மேனேஜரான மட்டர் இந்த வேலையை ஏற்பதில்லை. அதை மட்டும் நம்பிய நிரல் அங்கே பட்டையே இல்லாமல் மொட்டையாகத் திறக்கும்.

இரண்டாவது, நிரலே வரைந்துகொள்வது. 2013இல் க்னோம் நிரல்களை எழுத உதவும் டூல்கிட்டான ஜிடிகே, தன் 3.10 பதிப்பில் ஹெட்டர் பாரைக் கொண்டுவந்த பிறகு க்னோம் நிரல்கள் இதற்கு மாறின. தேடல், மெனு, மூடும் பட்டன் எல்லாம் ஒரே பட்டையில் அடங்குவதால் சின்னத் திரையில் நிஜமாகவே இடம் மிச்சம். ஜிடிகே4 தரும் ஹெட்டர் பாரைப் பயன்படுத்தினால் பட்டன் வரிசையைக் கணினியின் அமைப்பிலிருந்தே அது படித்துக்கொள்ளும். ஆனால் பட்டையில்லாத விண்டோவைத் திறந்து, பட்டன்களைத் தன் கையால் வரையும் நிரல்கள்தான் பயனரை வதைக்கின்றன. நிழல், ஓரத்தை இழுத்து அளவு மாற்றுவது, இரட்டைக் கிளிக், வலது கிளிக் மெனு, திரையின் பாதியில் ஒட்டிய நிலை எல்லாவற்றையும் தாமே எழுத வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று விடுபட்டுவிடும். பட்டன் வரிசையும் நிரலின் சோர்ஸ் கோடில் உறைந்துவிடும்.

மூன்றாவது, கேட்டுப் பார்த்து முடிவு செய்வது. எக்ஸ்டிஜி-டெகரேஷன் என்ற வேலண்ட் நெறிமுறை வழியாக, “நீ வரைகிறாயா?” என்று நிரல் காம்போசிட்டரிடம் (வேலண்டில் விண்டோ மேனேஜர் வேலையையும் செய்து, விண்டோக்களைத் திரையில் சேர்த்துக் காட்டும் நிரல்) கேட்கிறது. கேடிஇயின் காம்போசிட்டரான க்வினும் ஸ்வேயும் இதை ஆதரிக்கின்றன. பதில் சொல்ல ஆளில்லாத க்னோமில் லிப்டெகர் நூலகம் பட்டையை வரைந்துவிடும். விளையாட்டுகள் பயன்படுத்தும் எஸ்டிஎல், ஜிஎல்எஃப்டபிள்யூ நூலகங்கள் இரண்டும் இப்படித்தான் சமாளிக்கின்றன. தோற்றம் முழுக்க ஒட்டாது, நிரல் சார்ந்திருக்கும் நூலகம் ஒன்று அதிகமாகும். ஆனாலும் விண்டோ எங்குமே அநாதையாக நிற்காது.

க்னோமுக்கென்றே எழுதும் நிரலுக்கு இரண்டாவது வழி சரி, டூல்கிட் தரும் ஹெட்டர் பாரோடு மட்டும். விளையாட்டு, டெர்மினல், வீடியோ பிளேயர், பல டெஸ்க்டாப்களுக்குப் போகும் எதற்கும் மூன்றாவதையே எடுப்பேன். எளிய பட்டையைக்கூட மட்டர் வரைய மறுப்பது இவற்றுக்கு வீண் சுமை என்பது என் உறுதியான கருத்து. சொந்தமாக வரைந்தே தீர வேண்டுமென்றால், எந்தெந்த வசதிகள் உண்டு என்று காம்போசிட்டர் அனுப்பும் டபிள்யூஎம்-கேப்பபிலிட்டீஸ் செய்தியைப் படியுங்கள். சிறிதாக்கும் வசதி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பட்டனை வரையாதீர்கள்.