பார்பெரினியா, டோரியா பம்ஃபிலியா: ரோமில் அரை நாளுக்கு எது?

இரண்டும் போப்பாண்டவர்களைத் தந்த குடும்பங்களின் அரண்மனைகள், இன்று ஓவியக் காட்சியகங்கள். எட்டாம் உர்பான் பார்பெரினி வீட்டுக்காரர். அடுத்து வந்த பத்தாம் இன்னொசென்ட் பம்ஃபிலி. புதியவர் வந்ததும் பழையவரின் அண்ணன் பிள்ளைகள் பிரான்ஸுக்கு ஓட வேண்டியிருந்தது.

இன்று இரண்டையும் பிரிப்பது யார் கையில் இருக்கிறது என்பதுதான். பார்பெரினியை இத்தாலிய அரசு 1949-ல் வாங்கியது. அந்தக் குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் கைமாறிவிட்டது. பல வீடுகளிலிருந்து வந்த ஓவியங்களே பெரும்பகுதி. அவை காலவரிசையில், போதிய இடைவெளியோடு தொங்குகின்றன. கரவாஜியோவின் யூதித், ரஃபாயேலின் ஃபோர்னரீனா, ஹோல்பைனின் எட்டாம் ஹென்றி எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

டோரியா பம்ஃபிலி இன்னும் குடும்பச் சொத்து. 18ஆம் நூற்றாண்டு வழக்கப்படி சட்டத்தோடு சட்டம் உரச, சுவர் முழுக்கப் படங்கள். விளக்கப் பலகையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் பத்தே நிமிடத்தில் களைத்துவிடுவார்கள். ஒலிவழிகாட்டியை வாங்கிக்கொள்ளுங்கள், பேசுவது அந்த வீட்டு வாரிசே. சன்னல் வெளிச்சம் வார்னிஷில் பட்டு மேல்வரிசைப் படங்கள் கண்ணைக் கூசவைக்கும். நேரெதிரே நிற்காமல் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் தெளியும். சிறு பைனாகுலர் இருந்தால் நல்லது.

இங்கே பலரும் கோட்டைவிடுவது வெலாஸ்கெஸ் 1650-ல் வரைந்த இன்னொசென்டை. பெருங்கூடத்தில் தேடினால் கிடைக்காது. ஓரத்துச் சிற்றறை ஒன்றில், பெர்னினி செதுக்கிய அதே போப்பின் மார்பளவுச் சிலையோடு இருக்கிறது. கூட்டம் சேருமுன் முதலில் அங்கே போய்விடுங்கள்.

பார்பெரினியில் கழுத்து வலிக்கத் தயாராகுங்கள். பெருங்கூடத்தின் விதானம் முழுக்கப் பியெத்ரோ தா கொர்த்தோனா 1632 முதல் 1639 வரை தீட்டியது. நடுவில் பறக்கும் மூன்று தேனீக்கள் குடும்பச் சின்னம். முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பெர்னினியின் சதுரப் படிக்கட்டு, வலப்பக்கம் பொரோமினியின் சுருள் படிக்கட்டு. ஒன்றோடு திரும்பிவிடாதீர்கள்.

பார்பெரினிக்குத் திங்கள் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே இலவசம், ஆனால் நெரிசல். டோரியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. பார்பெரினி சீட்டிலேயே ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கொர்சீனி காட்சியகமும் அடக்கம்.

ஓவியம் படிக்கிறவருக்குப் பார்பெரினி. படங்களோடு ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று பார்க்க டோரியா. முதல்முறை ரோம் போகிறவருக்கு எங்கள் ஓட்டு டோரியாவுக்கே. இரண்டுக்கும் நடுவே கால்மணி நேர நடைதான், த்ரேவி நீரூற்று வழியில் வரும்.