பால் சோறா, பாக்கெட்டா? குட்டி நாயின் வயிறு உப்புசமும் ஒரு கால்சியக் கணக்கும்

மணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது வயது 45 நாள். சிப்பிப்பாறைக் குட்டி, எடை இரண்டரைக் கிலோ. வந்த மூன்றாம் நாள் ராத்திரியே வயிறு கடமுடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. தொட்டால் மத்தளம் மாதிரி இருக்கும். அது விடும் வாயுவின் நாற்றத்தில் பக்கத்தில் உட்கார முடியாது. பாவம், அதற்கும் தூக்கம் வராது. எழுந்து எழுந்து சுற்றும்.

அம்மா பால் சோற்றுக் கட்சி. "நம்ம ஊர்ல எந்த நாய்க்குடா கடையில சோறு வாங்கிப் போட்டோம்?" என்பார். நான் பாக்கெட் தீவனக் கட்சி. ஆறு மாதத்தில் இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டோம். உடம்பு வளர்ந்து முடியும் வரைக்கும் பாக்கெட்தான் என்பது என் முடிவு. வாயுத் தொல்லையில் தொடங்கிய விசாரணை கால்சியத்தில் போய் நின்றதால் வந்த முடிவு இது.

முதலில் சட்டென்று முடித்துவிடக்கூடியவை. செலவில் வீட்டுச் சோறுதான் மலிவு. வேலை மிச்சம் பாக்கெட்டில். ருசி வீட்டுச் சோற்றில். இவற்றில் விவாதிக்க ஒன்றுமில்லை.

எதைப் போட்டாலும் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, பூச்சி மருந்து. குட்டிக்குத் தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்துமே உருண்டைப் புழு வந்துவிடும். பானை வயிறாக இருந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லும் முன் மருந்து எப்போது கொடுத்தோம் என்று பாருங்கள். எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா. மற்றொன்று, வேகம். மணி தட்டை அரை நிமிடத்தில் காலி செய்யும். சோற்றோடு காற்றையும் சேர்த்து விழுங்குவதால் வயிறு உப்பும். இதற்கென்று மேடு பள்ளம் வைத்த தட்டு கடையில் விற்கிறார்கள். நாங்கள் பழைய இட்லித் தட்டை எடுத்துக் குழிக்குக் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டோம். சாப்பிட ஐந்து நிமிடம் ஆனது. ஏப்பமும் பாதியாகக் குறைந்தது. ஒரு நாள் சாப்பாட்டை நான்கு வேளையாகப் பிரித்ததும் உதவியது. மூன்று மாதத்துக்குப் பிறகு மூன்று வேளை ஆக்கினோம்.

இனி பால் சோறு. சோற்றைக் குறை சொல்ல மாட்டேன். நாய்க்கு அரிசி செரிக்காது என்று சிலர் சொல்வது தவறு. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013-இல் நேச்சர் இதழில் ஆய்வு வந்திருக்கிறது. நன்றாகக் குழைய வேகவைத்த சோறு குட்டிக்கு நன்றாகவே செரிக்கும். சிக்கல் பாலில். பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ்; அதைச் செரிக்கவைக்கும் நொதி லாக்டேஸ். தாய்ப்பால் மறக்கும் வயதிலிருந்து குட்டியின் குடலில் இந்த லாக்டேஸ் குறைய ஆரம்பிக்கும். பசும்பாலில் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ். நாய்ப்பாலில் இருப்பதைவிட அதிகம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைக்கும். அதுதான் அந்த ராத்திரிச் சத்தம், அதுதான் மறுநாள் கழிச்சல்.

அப்படியானால் பாலை நிறுத்தினால் போதுமே என்றுதான் நானும் நினைத்தேன். நிறுத்தினோம், கோழிச் சோறு போட்டோம், நான்கே நாளில் வயிறு அடங்கிவிட்டது. அம்மாவுக்கு வெற்றி. அப்போது டாக்டரம்மா கேட்ட ஒரே கேள்வி: "கால்சியத்துக்கு என்ன பண்றீங்க?"

அன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு கிலோ எடையுள்ள, நான்கு மாதம் நிரம்பாத குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கிலோகலோரி வேண்டும். அமெரிக்காவில் தீவனத் தரத்தை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளரும் குட்டிக்கு 1000 கிலோகலோரிக்கு 3 கிராம் கால்சியமாவது வேண்டும் என்கிறது. மணிக்கு அது நாளொன்றுக்கு 1.8 கிராம். எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் இருப்பது பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான். பத்துக் கிலோ போட்டாலும் போதாது. சோற்றில் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை. பாலில் எடுக்க வேண்டுமானால் ஒன்றரை லிட்டர், திரும்பவும் வாயு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் போல உண்டு. ஆனால் அரைக் கிலோ மாவைக் கூழாக்கி அந்தச் சின்ன வயிற்றில் எப்படி ஏற்றுவது? அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தயிரில் லாக்டோஸ் குறைவு, வாயுவும் குறைவு, ஆனால் கால்சியம் பால் அளவுதான்.

வயிற்றுக்கு ஒத்துவரும் வீட்டுச் சாப்பாட்டில் கால்சியம் இல்லை; கால்சியம் உள்ள வீட்டுச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. எனக்கு இந்த ஒரு விஷயமே போதுமானதாக இருந்தது.

எலும்புக்கு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் ஊரில் ஒரு குட்டி வளர்த்தோம். கறியும் சோறுமாக ஆசை ஆசையாகப் போட்டோம். நான்கு மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வளைந்துவிட்டன, ஓடவே முடியவில்லை. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ரத்தத்தில் கால்சியத்தைத் தக்கவைக்க உடம்பு எலும்பிலிருந்தே அதை எடுக்கும். இது அன்று எங்களுக்குத் தெரியாது. அந்தக் குட்டியை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

முட்டை ஓடு இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஒரு முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்தால் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் கிடைக்கும். கணக்கு சரியாக வரும். ஆனால் துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ என்று பட்டியல் நீள்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவு. அதுவும் வளர்ந்த நாய்க்கான குறிப்புகள்! குட்டியின் உடம்பு தவறைத் தாங்காது.

பாக்கெட்டில் இந்தக் கணக்கு ஒரே வரியில் முடிகிறது. 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி என்றால் மணிக்கு 150–170 கிராம். உலர் எடையில் 1.2 சதவீதம் கால்சியம் இருந்தாலே தேவை நிறைந்துவிடும். இதற்கு மேல் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அதிகப்படி கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களுக்கு அது எலும்பையே கெடுக்கும். அவற்றுக்குப் பெரிய இனக் குட்டிக்கான பாக்கெட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

பாக்கெட் என்றாலே வாயு வராது என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் முதலில் வாங்கிய மலிவான மூட்டையில் சோயா முன்வரிசையில் இருந்தது. சோயாவிலும் பருப்பிலும் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் நாய்க்குச் செரிக்காது. நேராகப் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். பால் கொடுத்த நாட்களைவிட மோசமான நாற்றம். அந்த மூட்டையை ஒதுக்கிவிட்டு, கோழியும் அரிசியும் முதலில் வரும் வேறொன்றுக்கு ஒன்பது நாளில் மெதுவாக மாற்றினோம்: முதலில் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால். ஒரே நாளில் மாற்றினால் நல்ல தீவனமும் கழிச்சலைத்தான் கொடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் போட்டோம். மூன்றாம் வாரம் மணி ராத்திரி முழுக்கத் தூங்கியது.

நான் சொல்வது ஒரு சிப்பிப்பாறையின் கதை. மூக்கு சப்பையான பக் மாதிரி இனங்கள் இயல்பாகவே காற்றை அதிகம் விழுங்கும். அவற்றை நான் வளர்த்ததில்லை. பச்சைக்கறி கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சால்மொனெல்லா கிருமி பயத்தில், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால், நான் அதைத் தொடவில்லை. எந்தக் குட்டியானாலும் வயிறு கல் போல உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் அது சாதாரண வாயு இல்லை. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். காத்திருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மணிக்கு இப்போது ஏழரை மாதம். கால்கள் நேராக, நீளமாக வளர்ந்திருக்கின்றன. ராத்திரி வேளையில் மட்டும் அம்மா ஒரு பிடி தயிர்சோறு பிசைந்து வைக்கிறார். வெங்காயம் பட்ட கரண்டி படாமல், மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். அதற்கு வாயு வருவதில்லை. ஒரு வயது தாண்டியதும் டாக்டரம்மாவிடம் சத்துக் கணக்கோடு ஒரு பட்டியல் வாங்கிக்கொண்டு, அம்மாவின் சமையலைப் பாதி வரை கொண்டுவரலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.