ஜிஞ்சர் பியர்: பாண் ஈஸ்டா, இஞ்சி ஊறலா?

வீட்டில் மதுசாரம் குறைவாக ஜிஞ்சர் பியர் செய்ய நினைப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எதைப் போட்டுப் புளிக்க வைப்பது என்பது. கடையில் பைக்கற்றாக விற்கும் பாண் ஈஸ்டா, இஞ்சியும் சீனியும் போட்டு நாமே வளர்க்கும் ஊறலா? இரண்டிலும் செய்து பார்த்துவிட்டு நான் ஊறலோடு நின்றுவிட்டேன்.

செலவில் பெரிய வித்தியாசமில்லை. ஈஸ்ட் எப்போதும் ஒரே மாதிரி வேலை செய்யும், ஊறல் ஆளுக்காள், வாரத்துக்கு வாரம் மாறும். முக்கியமானது, ருசி எந்தக் கட்டத்தில் உருவாகிறது என்பதே.

கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 80 கிராம் சீனி போட்டு, அது முழுவதும் புளித்தால் ஏறக்குறைய 5 வீத மதுசாரம் வரும். அதற்கு வெகு முன்னரே போத்தல் வெடித்துவிடும். நுரைத்து வருவதற்கு 10 கிராம் சீனி புளித்தாலே போதும், மதுசாரம் அப்போது 0.6 வீதமளவில்தான் இருக்கும். அந்த இடத்தில் பிரிட்ஜுக்குள் வைத்து வேகத்தை அடக்கியாக வேண்டும். ஆக, புளிப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது.

பாண் ஈஸ்ட் ருசி சேர்ப்பதற்கு இந்த அவகாசம் போதாது. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வீடுகளுக்குள் பகலில் 30 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அந்தச் சூட்டில் ஒரே நாளில் போத்தல் இறுகிவிடும். திறந்தால் காஸ் இருக்கும், இனிப்பு இருக்கும், பாண் மணமும் இருக்கும். புளிப்புத்தான் இராது. தேசிக்காய் பிழிந்து சரிக்கட்டலாம், ஆனால் கிடைப்பது காஸ் ஏறிய தேசிக்காய்த் தண்ணீர்.

ஊறலில் ஈஸ்டோடு, புளிப்பைத் தரும் லக்டிக் அமில பக்டீரியாவும் சேர்ந்து வளர்கிறது. இங்கிலாந்தில் ஜிஞ்சர் பியருக்குப் பயன்பட்ட கட்டியை ஆராய்ந்த தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வோர்ட் 1892இல் விளக்கியதும் ஈஸ்டும் பக்டீரியாவும் கூடி வாழும் இப்படியொரு அமைப்பைத்தான். அந்தக் கட்டியும் நம் ஊறலும் ஒன்றல்ல, வேலை செய்யும் விதம் ஒன்று. சாடியில் நாட்கணக்காக ஊறும்போதே மெல்லிய புளிப்பும் பழமணமும் வந்துவிடுகின்றன. லீற்றருக்கு அரைக் கோப்பை விட்டால் அந்த ருசி பானத்துக்குள் போய்விடும். அதன்பின் போத்தலில் காஸ் ஏறினால் சரி. சீனியில் ஒரு பங்குக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டால் இன்னும் கனதியான ருசி வரும்.

பராமரிப்பு வேண்டும்தான். தினமும் ஒரு தேக்கரண்டி சீனியும், தோலோடு துருவிய அதேயளவு இஞ்சியும் போட வேண்டும். ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் கொதிக்க வைத்து ஆறவிட்டே சேர்க்கவேண்டும். செய்யாத வாரங்களில் பிரிட்ஜில் வைத்து வாரமொருமுறை சீனி கொடுத்தால் போதும். பூஞ்சணம் கண்டால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

எதைப் போட்டாலும் கண்ணாடிப் போத்தல் வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் அடைத்தால் விரலால் அழுத்திப் பார்த்தே காஸ் தெரிந்துவிடும்.

வைன் ஈஸ்ட் நான் போட்டுப் பார்த்ததில்லை. மாரி காலத்திலும் அதிகம் செய்யவில்லை, அப்போது ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். நாளைக்கே விருந்தென்றால், ஊறல் கைவசம் இல்லையென்றால், பாண் ஈஸ்டில் செய்யலாம். எதில் செய்தாலும் சிறிதளவு மதுசாரம் இருக்கத்தான் செய்யும். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கோ சிறுவர்களுக்கோ கொடுக்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.