ஆடுதளம் நன்று, பார்வையாளர் மாடம் நன்றன்று: டர்பன் அருகே ஒரு டென்னிஸ் வளாகம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு அருகிலுள்ள ஒரு டென்னிஸ் வளாகத்தில் என் மகளும் அவளுடைய குழுவைச் சேர்ந்த ஏழு பெண்களும் இரண்டு பருவங்கள் ஆடினார்கள். மே மாதத்திலிருந்து அங்கே ஆடுவதில்லை என்று எட்டுப் பேரும் முடிவெடுத்துவிட்டார்கள். பிள்ளைகளை அங்கே சேர்க்கலாமா என்று டர்பனில் இந்தியர் வாழும் பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள பெற்றோர் பலர் என்னிடம் தொடர்ந்து கேட்பதால், நான் கண்டதை முழுமையாக எழுதுகிறேன். பெண்கள் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருப்பதாலும், அவர்களில் எவரும் பதினெட்டு வயதைத் தாண்டாததாலும், வளாகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

நல்லவற்றை முதலில் சொல்வதே நியாயம். ஆறு ஆடுதளங்களும் கடினத் தளங்கள். எல்லாவற்றிலும் பந்து ஒரே உயரத்தில் எழும்புகிறது. டர்பனின் கோடை மழை கொட்டித் தீர்த்த பின்னரும் அரை மணி நேரத்தில் தளம் காய்ந்துவிடுகிறது; நகராட்சித் தளங்களில் அதே மழைக்குப் பிறகு அன்றைய ஆட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான். இரவு விளக்குகள் நிழல் விழாதபடி அமைக்கப்பட்டுள்ளன. பள்ளி மாணவர்களுக்கு மணிக்கு 70 ராண்ட் என்பது இத்தகைய தளத்துக்கு அதிகமில்லை. உடைமாற்றும் அறைகள் சுத்தமாக இருக்கின்றன. சிற்றுண்டிச்சாலையை நடத்தும் அம்மையார், சென்ற புரட்டாசியில் எங்கள் பெண்கள் மரக்கறி மட்டுமே உண்கிறார்கள் என்று அறிந்ததும், யாரும் வற்புறுத்தாமலே அவர்களுக்கென்று தனித் தோசைக்கல்லும் தனிக் கத்தியும் ஒதுக்கி வைத்தார். இனி நான் எழுதப்போவதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

குறை பார்வையாளர் மாடத்தில்தான் இருக்கிறது. நான்காம் தளத்தின் பின்கோட்டுக்கும் மாடத்தின் முதல் வரிசைக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு. சர்வீஸ் போட நிற்பவரின் காதில், முதல் வரிசையில் இருப்பவர் மெல்லப் பேசினாலும் விழும். வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு மூன்று காவலர்கள் இருக்கிறார்கள். மாடத்துக்கு ஒருவரும் இல்லை. பார்வையாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவிப்புப் பலகையோ, தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற குறிப்போ அன்று வரை எங்கும் வைக்கப்படவில்லை. இரண்டு பருவங்களாக நான் அதைக் கவனிக்கவே இல்லை. தளத்தையும் விளக்கையும் மட்டுமே பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, என் மகள் மூன்றாவது செட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது, முதல் வரிசையில் அமர்ந்திருந்த நான்கு பெரியவர்கள், அவள் ஒவ்வொரு முறை பந்தை மேலே எறியும்போதும் ‘கூலி’ என்று கூவத் தொடங்கினார்கள். பிறகு கறி வாசனை பற்றிப் பேசினார்கள். பிறகு வந்த கப்பலிலேயே திரும்பிப் போகச் சொன்னார்கள். அடுத்த தளத்தில் ஆடிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பெண்ணுக்கும் அதே வார்த்தைகள் கிடைத்தன. நான் எழுந்து போய் நிறுத்தச் சொன்னேன்; சிரித்தார்கள். மேலாளரைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் என்னிடம், விளையாட்டில் இதெல்லாம் சகஜம், உங்கள் மகள்தான் வென்றுவிட்டாளே என்றார்.

ஆம், அவள் வென்றாள். வென்றவள் வண்டியில் ஏறியதிலிருந்து வீடு வந்து சேரும் வரை அழுதாள். வீட்டு வாசலில் இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அப்பா, அது நம்முடைய சொல்தானே?”

நம்முடைய சொல்தான். வார இறுதித் தமிழ் வகுப்பில் அவள் அதை ‘உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம்’ என்று படித்திருந்தாள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் டர்பன் துறையில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின் நம் முன்னோர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கரும்புத் தோட்டங்களுக்கு வந்தது அந்தக் கூலிக்காகத்தான். கூலி பெற்றவர்களையே ‘கூலி’ என்று அழைத்து, அந்தச் சொல்லை ஓர் இனத்தின் மீது குத்தும் முத்திரையாக மாற்றியவர்கள் வேறு. என் தாத்தா வாழ்நாள் முழுவதும் தாம் வாங்கிய ஊதியத்தைச் ‘சம்பளம்’ என்று மட்டுமே சொன்னார். அவர் ஏன் அந்த இன்னொரு சொல்லை வீட்டுக்குள் வரவிடவில்லை என்பது அன்று மாலைதான் எனக்குப் புரிந்தது.

இனி அங்கே ஆடுவதில்லை என்று பெண்கள் அடுத்த வாரம் சொன்னபோது, நான் உடன்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விலகினால் கூவியவர்கள் நினைத்தது நடந்துவிடும், ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் வென்று காட்டுங்கள் என்றேன். இந்தப் பகுதியில் அதைவிட நல்ல தளம் கிடைக்காது என்ற கவலையும் எனக்குள் இருந்தது. குழுவின் மூத்த பெண் மிகப் பணிவாக, “மாமா, செரீனாவும் அன்று வென்றார்தானே?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அந்தப் பெண் சொன்னது 2001 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் இந்தியன் வெல்ஸில் நடந்தது. அங்கே நடந்த டென்னிஸ் போட்டியின் அரையிறுதியில் அமெரிக்க வீராங்கனைகளான வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகள் மோதவிருந்தார்கள். ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது முழங்கால் வலியால் வீனஸ் விலகினார். சகோதரிகள் மோதும் ஆட்டங்களில் யார் வெல்வது என்பதைத் தந்தைதான் முடிவு செய்கிறார் என்ற பேச்சு முன்பே உலவியிருந்தது. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தைப் பார்க்க வீனஸும் தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸும் மாடப் படிகளில் இறங்கி வந்தபோது அரங்கம் கூச்சலிட்டது. களத்தில் இருந்த செரீனாவுக்கு அப்போது வயது 19. அவர் தவறு செய்யும்போதெல்லாம் கூட்டம் கைதட்டியது. கிம் கிளைஸ்டர்ஸை 4–6, 6–4, 6–2 என்று வென்று அவர் கோப்பையை வாங்கினார். கூட்டத்தில் சிலர் இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள் என்று தந்தை பின்னர் கூறினார். வென்ற பிறகு உடைமாற்றும் அறையில் மணிக்கணக்கில் அழுததையும், மிகப் பெரிய ஆட்டம் ஒன்றில் தோற்றுவிட்டதைப் போன்ற உணர்வோடு லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பியதையும் 2015-இல் செரீனாவே எழுதினார். என் மகளின் கண்ணீரை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

சகோதரிகள் இருவரும் அதன் பிறகு அங்கே போகவில்லை. 2009 முதல் அது மகளிர் டென்னிஸில் முன்னணி வீராங்கனைகள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டிய போட்டிகளில் ஒன்றாக்கப்பட்டது, அப்போதும் போகவில்லை. செரீனா திரும்பியது 14 ஆண்டுகள் கழித்து, 2015 மார்ச்சில்; வீனஸ் அதற்கு அடுத்த ஆண்டு. திரும்பி வந்த முதல் நாளில் அரங்கமே எழுந்து நின்று வரவேற்றபோது செரீனா கண் கலங்கினார்; மோனிகா நிகுலெஸ்குவை 7–5, 7–5 என்று வென்றார். அந்த வருகையைச் சாதாரண வருகையாக அவர் விட்டுவிடவில்லை. நீதிமன்றங்களில் அநீதிக்கு ஆளானவர்களுக்காக வாதாடும் ஓர் அமைப்புக்கு அதையொட்டி நிதி திரட்டினார். திரும்புவது பற்றிய எண்ணம், நம் மண்டேலாவின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படத்தைப் பார்த்த பிறகு தமக்கு எழுந்ததாக அவர் 2014 தொடக்கத்தில் சொல்லியிருந்தார். எப்போது திரும்புவது என்பதை முடிவு செய்தது இழிவுக்கு ஆளானவர்தான், போட்டியை நடத்தியவர்கள் அல்லர். நான் என் மகளிடம் மே மாதத்தில் வற்புறுத்தியது, அந்த முடிவை அவளிடமிருந்து பறிப்பதாகவே இருந்திருக்கும்.

டர்பன் அமைந்துள்ள நாட்டால் பகுதியில் வாழும் நமக்கு இது புதிதும் அல்ல. 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நாட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற பாப்வா செவ்கோலம், இந்தியர் என்பதால் மன்றக் கட்டடத்துக்குள் அனுமதிக்கப்படாமல், வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1973-இல் ஜோஹன்னஸ்பர்கின் எல்லிஸ் பார்க்கில் ஆட வந்த அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ், பார்வையாளரை இனவாரியாகப் பிரித்து அமர்த்தக் கூடாது என்பதைத் தம் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தார்; மாடத்தில் யார் எப்படி அமர்கிறார்கள் என்பதும் ஆட்டத்தின் பகுதியே என்று அவர் அறிந்திருந்தார். இனவொதுக்கலை எதிர்த்து அதே 1973-இல் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்ற முழக்கத்தோடு, பிரித்து வைக்கப்பட்ட திடல்களில் ஆட மறுத்தது. என் தந்தை கால்பந்து பார்க்க கரீஸ் ஃபவுண்டன் திடலுக்கு மட்டுமே போவார். வேலியிட்டுப் பிரித்த மூலையில் அமர்ந்து பார்க்க வேண்டிய திடல்களுக்கு, எவ்வளவு பெரிய ஆட்டமானாலும், அவர் போனதில்லை. அங்கே புல் நன்றாக இருக்கும் என்று அவரிடம் யாரும் வாதாடியதாக எனக்கு நினைவில்லை.

அன்றைய நிலையும் இன்றைய நிலையும் ஒன்றல்ல. அன்று சட்டமே பிரித்தது. இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இன வெறுப்புப் பேச்சைத் தடை செய்கிறது. அதன்கீழ் சமத்துவ நீதிமன்றங்கள் செயல்படுகின்றன. டர்பன் கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களை இழிவுபடுத்தி எழுதிய ஒருவருக்கு, 2016-இல் உம்சிண்டோ சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ராண்ட் செலுத்த உத்தரவிட்டது. இவ்வளவு இருந்தும் ஒரு விளையாட்டு வளாகத்தின் மேலாளர் இதைச் ‘சகஜம்’ என்று சொல்ல முடிகிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கூவிய நால்வரையும்விட அந்த ஒரு சொல்லுக்கே நான் அதிக மதிப்பெண் குறைக்கிறேன்.

செய்ய முடியாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் நாள், எல்லைக்கோட்டருகே நின்ற முகமது சிராஜ் பார்வையாளர் சிலரின் பேச்சைப் பற்றி நடுவரிடம் முறையிட்டதும் ஆட்டம் நிறுத்தப்பட்டது. காவலர்கள் மாடத்துக்குப் போய் ஆறு பேரை வெளியேற்றிய பிறகே பந்து வீசப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த அரங்கில் சில நிமிடங்களில் முடிந்த காரியம், நாற்பது பேர் அமரும் மாடத்தில் முடியாமற்போக வழியில்லை.

பெண்கள் தாங்களே எழுதிக் கையொப்பமிட்டு மேலாளருக்குக் கொடுத்த கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் இருந்தன. போட்டி நாட்களில் மாடத்தின் முதல் இரண்டு வரிசைகளை மூட வேண்டும். பார்வையாளர் நடத்தை விதிகளை வாயிலில் எழுதி வைக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்தவும் ஆளை வெளியேற்றவும் அதிகாரம் பெற்ற ஒருவர் ஒவ்வொரு போட்டியின்போதும் மாடத்தில் இருக்க வேண்டும், ஏப்ரலில் கூவிய நால்வர் மீதும் அவரிடமிருந்தே நடவடிக்கை தொடங்க வேண்டும். கடிதத்தை நான் திருத்தித் தருவதாகச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். ஜூலையில் நான் தனியாகப் போய்ப் பார்த்தபோது முதல் இரண்டு வரிசைகளும் கயிறு கட்டி மூடப்பட்டிருந்தன. வாயிலில் ஆங்கிலத்திலும் சூலு மொழியிலும் பலகை வைக்கப்பட்டிருந்தது. இவை இரண்டும் உண்மையான மாற்றங்கள். அதற்காக வளாகத்தைப் பாராட்டுகிறேன். மூன்றாவது கோரிக்கை செயற்குழுவின் பரிசீலனையில் இருப்பதாக மேலாளர் ஒரு வரியில் பதில் எழுதியிருக்கிறார்.

தளம், விளக்கு, தூய்மை ஆகியவற்றுக்கு ஐந்தில் நாலரை தருகிறேன். ஆட வருபவரைக் காக்கும் பொறுப்புக்கு, கயிற்றையும் பலகையையும் கணக்கில் கொண்டும், ஐந்தில் ஒன்றுக்கு மேல் தர என்னால் இயலவில்லை. பயிற்சிக்கு மட்டும், மாடம் காலியாக இருக்கும் வார நாட்களில், பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் அனுப்பலாம். நான்காம் தளத்தைத் தவிர்த்து முதல் தளத்தைக் கேட்டு வாங்குங்கள். போட்டிகளுக்கு என்றால், மூன்றாவது கோரிக்கைக்கு எழுத்தில் பதில் வரும் வரை பொறுத்திருங்கள் என்பதே என் கருத்து. எங்கள் குழுவின் ஆட்டங்களைப் போட்டி அமைப்பாளர்கள் வேறிடத்துக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் காலை எட்டு மணிக்கு, சாட்ஸ்வொர்த்தில் விரிசல் விட்ட நகராட்சித் தளத்தில், பின்கோட்டருகே பந்து எங்கே தாறுமாறாக எழும்பும் என்பதைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் குறித்துவைத்துக்கொண்டு பெண்கள் ஆடுகிறார்கள்.