புது லேப்டாப்புக்குக் காத்திருப்பதா, ரேம் ஸ்லாட் உள்ள போன வருட மாடலா?

லேப்டாப் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "கொஞ்சம் பொறுங்க, புதுசு வருது" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது எல்லா மாதமும் உண்மை என்பதுதான் சிக்கல். ஜனவரியில் லாஸ் வேகாஸில் சிஇஎஸ் கண்காட்சி, மே ஜூன் வாக்கில் தைபேயில் கம்ப்யூடெக்ஸ், செப்டம்பரில் பெர்லினில் ஐஎஃப்ஏ. வருடம் பூராவும் ஏதோ ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். அங்கே மேடையில் காட்டியது நம்மூர்க் கடைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். வந்தாலும் முதலில் வருவது லட்சத்தைத் தாண்டிய மாடல்கள்தான். அறுபது, எழுபதாயிரத்துக்கு அது இறங்கி வருவதற்குள் அடுத்த கண்காட்சிக்குப் பந்தல் போட்டுவிடுவார்கள்.

என் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே சொல்வது உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. சென்னை தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் டாக்குமென்டேஷன் வேலை. இறக்குமதிக்குப் பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். ஒரு பக்கம் எக்செல், ஒரு பக்கம் டாலி, நடுவில் முப்பது டேப் திறந்து கிடக்கும் குரோம். டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதற்கான யுஎஸ்பி டோக்கன் பக்கவாட்டில் செருகியபடியே இருக்கும். வீடு காலடிப்பேட்டை. மெட்ரோவில் ஏறி மண்ணடியில் இறங்குகிறேன், அதனால் எடையும் ஒரு விஷயம்தான். கையில் இருந்த பழையதில் ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி (புராசஸர்). விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அந்தச் செயலியை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. அரசு தளங்களில் தினமும் கையெழுத்துப் போடுகிற மெஷினை அப்டேட் இல்லாமல் ஓட்ட மனசு வரவில்லை.

மூன்று வழி இருந்தது. புதுத் தலைமுறைச் செயலியோடு வரும் மெல்லிய மாடலுக்குக் காத்திருப்பது ஒன்று. போன வருட மாடலில், ரேமை (வேலை நடக்கும்போது மெஷின் பயன்படுத்தும் நினைவகம்) கழற்றி மாட்ட ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து இப்போதே வாங்குவது இன்னொன்று. மூன்றாவது, ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், கம்பெனிகள் கழித்துப்போட்ட லெனோவோ திங்க்பேட். நான் இரண்டாவதை வாங்கினேன், அதைத்தான் அதிகம் பேசப் போகிறேன்.

ஆப்பிள் மேக்கைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் இரண்டு வரி. மேக்புக் ஏர் நல்ல சாமான். 2024 அக்டோபரிலிருந்து அடிப்படை மாடலே 16 ஜிபி ரேமோடு வருகிறது. ஆனால் டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, மேக்கில் ஓட்டச் சுற்றுவழி தேட வேண்டும். நான் சொந்தமாக மேக் வைத்திருந்ததில்லை, மச்சான் வைத்திருப்பதைப் பார்த்ததோடு சரி.

காத்திருக்கச் சொல்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பேட்டரி அவர்களுடைய பெரிய சீட்டு. 2024 செப்டம்பரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி செயலி வரிசையும், அதே வருடம் ஜூனில் கடைக்கு வந்த, குவால்காமின் ஸ்நாப்டிராகன் எக்ஸ் செயலி உள்ள மாடல்களும் பேட்டரியில் பழைய விண்டோஸ் மெஷின்களை எங்கேயோ விட்டுவிட்டன. 2026 ஜனவரியில் இன்டெல் 18ஏ என்ற தன் புதுத் தயாரிப்பு முறையில் செய்த கோர் அல்ட்ரா சீரிஸ் 3ஐ அறிமுகப்படுத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நினைத்தால், ஒரு நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி என்ற பேச்சைக் கேட்டுச் சிரிக்க முடியாது. ஆனால் சாதாரண நாட்களில் அலுவலகத்தில் மேசைக்கு மேசை பிளக் பாயின்ட், வீட்டில் இன்வெர்ட்டர். மெட்ரோவில் அந்த நேரக் கூட்டத்தில் லேப்டாப்பைத் திறக்கவே முடியாது. எனக்கு நாலைந்து மணி நேரம் தாங்கினால் போதும்.

ஸ்நாப்டிராகனை வேறு காரணத்துக்காகவும் ஒதுக்கினேன். அது ஏஆர்எம் என்ற வேறு வகைச் செயலி. சாதாரண விண்டோஸ் மென்பொருளை எமுலேஷனில், அதாவது தனக்குப் புரியும்படி மாற்றி, ஓட்டிவிடும். பிரின்டர் மாதிரிச் சாமான்களை இயக்கும் டிரைவர் அப்படி ஓடாது, ஏஆர்எம்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். எங்கள் ஆபீஸில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் டோக்கனுக்கும் டிரைவர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு அலைய எனக்குப் பொறுமை இல்லை.

ஏஐ, என்பியு (செயலியில் ஏஐ வேலைக்கான தனிப் பகுதி), 40 டாப்ஸ் (அதன் வேகம்) என்று பெட்டியில் ஒட்டியிருப்பது கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த அளவுகோல். பில் ஆஃப் என்ட்ரிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ரேம். எத்தனை ஜிபி என்பது அப்புறம், அது போர்டோடு ஒட்டியிருக்கிறதா, கழற்றி மாட்டலாமா என்பதுதான் முதல் கேள்வி.

மெல்லிய லேப்டாப்புகளில் வருவது எல்பிடிடிஆர் வகை ரேம். செயலிக்குப் பக்கத்திலேயே சிப்பாகப் பற்றவைத்துவிடுவார்கள். தூரம் குறைவதால் வேகம் கூடுகிறது, மின்சாரமும் குறைவாகப் பிடிக்கிறது. ஆக இது வெறும் ஏமாற்று வேலை இல்லை, அந்தப் பேட்டரி ஆயுளுக்கு இதுவும் ஒரு காரணம். கோர் அல்ட்ரா 200வியில் இன்னும் ஒரு படி மேலே போய், ரேமைச் செயலியின் பேக்கேஜுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதில் 16 அல்லது 32 ஜிபி மட்டும்தான். பெயரைப் பார்த்தே சொல்லிவிடலாம்: எண்ணின் கடைசி இலக்கம் 6 என்றால் 16 ஜிபி, 8 என்றால் 32. அதாவது 256வி வாங்கினால் அந்த மெஷினின் ஆயுள் முழுக்க 16தான். புது சீரிஸ் 3இல் ரேமை மறுபடி பேக்கேஜுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், கம்பெனி நினைத்தால் ஸ்லாட் வைக்கலாம். மெல்லிசாகச் செய்கிற ஆசையில் எத்தனை பேர் வைப்பார்கள் என்பது வேறு கதை.

இதனால் என்ன நஷ்டம்? எங்கள் ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். மெல்லிய லேப்டாப் ஒன்று வாரன்டி முடிந்த சில மாதத்தில் நீலத் திரை காட்ட ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் சோதித்துவிட்டு ரேம் கோளாறு, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை, வாங்கிய விலையில் பாதிக்கு மேல். ரிச்சி தெருவில் எங்களுக்குப் பழக்கமான பையனிடம் கொண்டுபோனால், பின்மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினான். "ஸ்லாட்டே இல்லண்ணா, எல்லாம் போர்டுலயே ஒட்டிருக்கு. சிப்பை எடுத்து மாத்துற ஆளு இருக்காங்க, ஆனா கேரன்டி தரமாட்டாங்க." அதே பையன் பக்கத்து மேசை லேப்டாப்பில் இதே கோளாறுக்கு என்ன செய்தான் தெரியுமா? ரேம் குச்சியைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தித் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டினான். ஓடியது.

இதில் எதிர்வாதமும் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். கழற்றி மாட்டுகிற இடம் என்றால் அங்கே உலோகத் தொடர்பு இருக்கும், தொடர்பு இருந்தால் படலம் பிடிக்கும். ஒட்டிய ரேமில் அந்தத் தொல்லை கிடையாது. அதனால் எங்கள் ஊரில் ஸ்லாட் மெஷினுக்குக் கோளாறு கொஞ்சம் அதிகமாகவே வரலாம். வந்தால் ரப்பரோடு போகிறது, அவ்வளவுதான். மதர்போர்டு விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பேரத்துக்கு நான் தயார்.

கடையில் நிற்கும்போதே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிஸ்பிளே மெஷினில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ், அதில் மெமரி. கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் சோடிம் என்று இருந்தால் கழற்றலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் ஒட்டியது. மேலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். சேல்ஸ்மேனிடம் கேட்டால் "எக்ஸ்பாண்டபிள்தான் சார்" என்றுதான் வரும். சில சமயம் அவர் சொல்வது ரேமை அல்ல, ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை.

புதுசு என்ற ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 5 7520யூ என்று ஒரு செயலி இருக்கிறது. 7000 வரிசை என்றாலும் உள்ளே இருப்பது 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உண்மையைச் சொல்லும்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. போதாததற்கு 7520யூவில் ரேம் ஒட்டித்தான் வரும். இன்டெல் பக்கமும் அப்படித்தான், கோர் 5 120யூ என்ற புதுப் பெயருக்குள் இருப்பது 13ஆம் தலைமுறைச் சரக்கு. காத்திருந்து வாங்குவது இந்த மாதிரி ஒன்றாக இருந்தால், காத்திருந்ததற்கு என்ன அர்த்தம்?

விலையைப் பற்றி. முன்பெல்லாம் காத்திருந்தால் விலை இறங்கும் என்பது பொதுவிதி. 2025 கடைசியிலிருந்து அது தலைகீழ். ஏஐ சர்வர்களுக்கு மெமரி கொடுப்பதில் லாபம் அதிகம் என்று சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரும் அந்தப் பக்கம் திரும்ப, சாதாரண ரேம் விலை எகிறிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நிலையில் புது மாடல் பழைய மாடலைவிட மலிவாக வரும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

அதனால் நான் எடுத்த கான்ஃபிகரேஷன் இது: ரைசன் 5 7535ஹெச்எஸ், 15.6 இன்ச், 512 ஜிபி எஸ்எஸ்டி, டிடிஆர்5 ரேம் ஸ்லாட் இரண்டு, அதில் ஒன்றில் மட்டும் 16 ஜிபி. அதே விலையில் எட்டும் எட்டுமாக இரண்டு ஸ்லாட்டும் நிரம்பிய மாடலும் இருந்தது. இரண்டு குச்சி இருந்தால் டூயல் சேனல், அதாவது ரேமுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாதை, கிராபிக்ஸுக்கு நல்லது, கேம் ஆடுபவர் அதைத்தான் எடுக்க வேண்டும். எனக்கு எக்செல்தான். எட்டும் எட்டும் இருந்தால் பின்னால் கூட்டும்போது ஒன்றைக் கழற்றித் தூக்கிப்போட வேண்டும். ஒற்றைக் குச்சி என்றால், விலை இறங்கும்போது இன்னொன்று வாங்கிச் செருகினால் 32. ஒரு ஸ்லாட்டில் 16, இன்னொன்று காலி என்பது இன்றைய விலையில் காசைக் கையிலேயே வைத்திருப்பது மாதிரி. பில் போடும் முன்பே ரேம் கூட்டினால் வாரன்டி போகுமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

குறையும் இருக்கிறது. எடை கூடுதல், தோள்பை இழுக்கிறது. திரை வெளிச்சம் சுமார், மத்தியானம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. ஃபேன் சத்தம் கேட்கிறது. ஐந்தாறு வருடம் உழைக்குமா என்று இப்போதே சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஆனால் பேட்டரி, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் நான்கும் ஸ்க்ரூ டிரைவர் தொடும் தூரத்தில் இருக்கின்றன. விற்கப் போனாலும், உள்ளே ஏதாவது மாற்ற முடிகிற மெஷினைத்தான் பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் தயங்காமல் கையில் எடுக்கிறார்கள்.

மூன்றாவது வழியான செகண்ட் ஹேண்டை நான் மட்டமாக நினைக்கவில்லை. பட்ஜெட் இருபது, இருபத்தைந்தாயிரம் என்றால் அதுதான் வழி. திங்க்பேட் டி480ஐ எட்டாம் தலைமுறைச் செயலியோடு எடுத்தால் இரண்டு ஸ்லாட், விண்டோஸ் 11 முறையாக ஓடும், வெளி பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். டி490 என்றால் ஒரு பகுதி ரேம் ஒட்டியது, ஒரு ஸ்லாட் மட்டும். டி14எஸ் முழுக்க ஒட்டியது. ஏழாம் தலைமுறையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். வாங்கும்போது பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூக்களில் துரு இருந்தால், ஒன்று கடலோரத்தில் இருந்திருக்கும், இல்லை வெள்ளத்தில் கிடந்திருக்கும்.

அக்கா மகள் விஸ்காம் படிக்கிறாள், வீடியோ எடிட்டிங்குக்கு லேப்டாப் வேண்டும் என்றாள். அவளிடம் நான் சொன்னது வேறு. அவள் கல்லூரி, ஷூட்டிங் ஸ்பாட், ஹாஸ்டல் என்று நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறவள், நல்ல திரையும் பேட்டரியும் இல்லாமல் அவளுக்கு வேலை நடக்காது. மெல்லிய மாடலே எடுத்துக்கொள், ஆனால் வாங்கும்போதே 32 ஜிபி, கூடவே மூன்று வருட வாரன்டி. அதற்குக் காசு போதவில்லை என்றால் இரண்டு மாதம் பொறு, 16இல் சமாதானம் ஆகிவிடாதே என்றேன். அக்கா இன்னும் விலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.