பவர் வீடரில் ஸ்பார்க் வரவில்லையா? காயிலைக் கடைசியில் பாருங்கள்

வாழைக்கும் மஞ்சளுக்கும் களையெடுக்க நாலைந்து வருஷமாகப் பெட்ரோல் பவர் வீடர் ஓட்டுகிறேன். 6.5 ஹெச்.பி., 196 சிசி, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின். கம்பெனி எதுவாக இருந்தாலும் இந்த அளவில் வரும் இன்ஜின்கள் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். 10டபிள்யூ-30 ஆயிலை 0.6 லிட்டர் ஊற்றி, நேரத்துக்கு மாற்றி, ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்தால் இழுவை குறையவே இல்லை. அதிகம் அலைய வைத்தது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் (தீப்பொறி) ஒன்றுதான்.

பெட்ரோல் தீர்ந்தால் இன்ஜின் திணறித் திணறி நிற்கும். ஸ்பார்க் போனால் அப்படியில்லை. பாத்தி நடுவில் பட்டென்று அணைந்துவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஒரு இருமல்கூட வராது. கடைக்குக் கொண்டுபோனால் பொறி தெறிக்கும் பிளக்கைக் கழற்றி ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "காயில் போயிருச்சுங்க, புதுசு போட்டுக்கலாம்" என்று முடித்துவிடுகிறார்கள். காயில் என்பது பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் கம்பிச்சுருள். புதுக் காயில் மாட்டியும் அதே வாரத்தில் திரும்பி வந்த வண்டிகளை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

இந்த இன்ஜினில் பேட்டரி கிடையாது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலின் இரும்புக் கால்களைக் கடக்கும்போது உண்டாகும் கரண்ட்தான் பிளக்கில் தெறிக்கிறது. காயிலிலிருந்து வரும் மெல்லிய கறுப்பு ஒயரை இன்ஜின் பாடியோடு சேர்த்தால் ஸ்பார்க் நின்றுவிடும். ஆஃப் சுவிட்ச் செய்வது அவ்வளவுதான். ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சாரும், அடியிலிருந்து வரும் மஞ்சள் ஒயர் வழியாக, அதே பாதையில்தான் சேர்கிறது. எனவே இந்த ஒயர்களில் ஒன்று தோலுரிந்து பாடியில் பட்டாலும், சென்சாருக்குள் மிதவை கசடில் சிக்கிக் கீழேயே நின்றாலும், நல்ல காயிலும் செத்த காயில் மாதிரியே நடந்துகொள்ளும்.

அதனால் முதலில் பிளக். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் பாடியில் நன்றாகப் படும்படி வைத்து, நிழலில் இழுத்துப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி சீறும். அதற்கு நேரே பிளக்கைப் பிடிக்கவே கூடாது. கையில் பிடிக்காமல் ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கள். பிளக் முனையில் பொறி தாண்டும் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். பழைய பிளக்கை நம்பாமல் ஒரு புதுப் பிளக்கையும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது, விலை பெரிதில்லை.

அப்போதும் வரவில்லை என்றால், அடுத்து காயிலைக் கழற்றுவதில்லை. கயிறு ஸ்டார்ட்டரையும் விசிறிக் கவரையும் எடுத்துவிட்டு, காயிலுக்குப் போகும் அந்தக் கறுப்பு ஒயரின் கிளிப்பை உருவிவிட்டு, ஸ்டார்ட்டரைத் திரும்ப மாட்டி இழுக்கிறேன். நீல ஸ்பார்க் பளிச்சென்று வந்தால் காயில், காந்தம், பிளக் மூன்றும் சரி. கோளாறு சுவிட்ச் பக்கமோ சென்சார் பக்கமோதான். என் வண்டியில் அப்படித்தான் வந்தது. கறுப்பு ஒயர் விசிறிக் கவரின் ஓரத்தில் அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்து, நகக்கண் அளவுக்குச் செம்பு தெரிந்தது. அதற்கு நேர் எதிரே கவரில் பெயின்ட் போய்ப் பளபளவென்று ஒரு சின்னக் கோடு. ஸ்லீவ் போட்டு, ஒயரை ஓரத்திலிருந்து விலக்கி டை கட்டியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒயர் நன்றாக இருந்தால் மல்டிமீட்டர். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது சுவிட்ச் ஒயருக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஆஃபில் பீப் அடிக்க வேண்டும். பிறகு கறுப்பு ஒயரைத் திரும்ப மாட்டி, மஞ்சள் ஒயரை மட்டும் பிரித்து இழுத்துப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் சென்சார் பக்கம். ஆனால் அதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள், அதுவும் வண்டியைச் சமமாக நிறுத்தி. வரப்பில் திருப்பும்போது கைப்பிடியை அழுத்தி வண்டியின் முன்பக்கத்தை அதிகம் தூக்கினால், ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, அளவு சரியாக இருந்தும் சென்சார் நிறுத்திவிடுவதுண்டு. இந்தத் தொல்லைக்காக மஞ்சள் ஒயரை நிரந்தரமாக வெட்டிவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆயில் இல்லாமல் ஓடிக் கனெக்டிங் ராடு போனால் சென்சார் விலையைப்போலப் பல மடங்கு செலவு.

கறுப்பு ஒயரை உருவியும் ஸ்பார்க் இல்லையென்றால்தான் காயில் பக்கம் போகிறேன். அங்கும் முதலில் பிளக் கேப்: திருகிக் கழற்றி, ஒயரின் முனையைக் கொஞ்சம் வெட்டிப் புதிதாக மாட்டினாலே சிலசமயம் சரியாகிவிடும். அடுத்து, மழைக்காலம் முழுக்கச் சும்மா நின்ற வண்டி என்றால் காந்தத்திலும் காயில் கால்களிலும் துரு ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே 0.4 மி.மீ. அளவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து போல்ட்டை முடுக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இருட்டாகவே இருந்தால் புதுக் காயில் வாங்கலாம். இதில் இருப்பது உள்ளே எலக்ட்ரானிக் பாகம் வைத்த ட்ரான்சிஸ்டர் காயில்; அதை மல்டிமீட்டரில் மட்டும் வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. மற்றதெல்லாம் சரி என்று உறுதியான பிறகு மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

ஒயரை உருவிய நிலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சுவிட்ச் வேலை செய்யாது. சோக்கை முழுக்க மூடினால் நின்றுவிடும். ஒயரைத் திரும்ப மாட்டி, சுவிட்சில் அணைகிறதா என்று பார்த்துவிட்டே காட்டுக்குள் இறக்குங்கள்.