இங்கிலாந்தின் வட்டாரச் சுகாதார நிர்வாகம்: 5-க்கு 3 மதிப்பெண்

பெயர்ப்பலகைகள் மாறிய வேகத்தில் சேவை மாறவில்லை என்பதே இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையைப் பற்றிய என் மதிப்பீடு. 2013 ஏப்ரலில், வட்டாரச் சுகாதார நிதியைக் கையாண்ட முதன்மைப் பராமரிப்பு அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டு, குடும்ப மருத்துவர்கள் முன்னின்ற குழுக்கள் அவற்றின் நிதிப்பொறுப்பை ஏற்றன. 2022 ஜூலையில் அவையும் நீங்கி, 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் வந்தன. மருத்துவமனைகளும் உள்ளாட்சிகளும் கூடித் திட்டமிடும் இந்த ஏற்பாடு, சேவை வழங்குவோரிடையே போட்டியை வலியுறுத்திய முந்தைய முறையைவிட மேலானது. புகைப்பழக்கத் தடுப்பு போன்ற பணிகள் 2013-இல் உள்ளாட்சிகளிடம் சென்றதும் பொருத்தமே. பள்ளி, சாலைப் பொறுப்புகளும் அங்குதானே இருக்கின்றன! ஆயினும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவருக்கு, மருத்துவம் இலவசமாகவும் சமூகப் பராமரிப்பு (குளித்தல், உடுத்தல் போன்ற அன்றாட உதவி) வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட்ட பின்னரே கிடைப்பதாகவும் இருக்கும் பழைய பிளவை எந்தச் சீர்திருத்தமும் தொடவில்லை.